வீட்டின் முதல் பொறியாளருக்கு யாரைத் தெரியும்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இளம் பொறியாளர்களுக்கு அறிவுரை சொல்லும் எந்தக் கட்டுரையிலும் ‘நெட்வொர்க்கிங் முக்கியம், தொடர்புகளை வளர்த்துக்கொள்ளுங்கள்’ என்ற வரி தவறாமல் வந்துவிடுகிறது. எப்படி வளர்ப்பது என்பது மட்டும் வருவதில்லை. அதைப் படித்துவிட்டு, வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத ஒருவர் என்ன செய்வார்? லிங்க்ட்இன்னைத் திறந்து, முன்பின் தெரியாத நூறு பேருக்கு ‘வணக்கம் சார், ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்’ என்று அனுப்புவார். பதில் வராது. தனக்கு இதெல்லாம் வராது என்று ஒதுங்கிவிடுவார். அப்பாவோ அத்தையோ இதே துறையில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தத் தடுமாற்றம் இல்லை. யாரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பது வீட்டுப் பேச்சிலேயே அவர்கள் காதில் விழுந்துவிடுகிறது. வீட்டில் முதன்முதலாகப் பொறியாளர் ஆகிறவருக்கு அதைச் சொல்ல ஆளில்லை. அவர்களுக்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

நெருங்கிய நண்பர்கள்தான் வேலைக்குக் கைகொடுப்பார்கள் என்று பலரும் நம்புகிறார்கள். சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் கிடைத்த கணக்கு வேறு. பாஸ்டனை ஒட்டிய புறநகர் ஒன்றில், அண்மையில் வேலை மாறிய தொழில்நுட்ப, நிர்வாகப் பணியாளர்களை அவர் விசாரித்தார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை வாரத்துக்கு இரண்டு முறையாவது சந்தித்துவந்தவர்கள் 16.7 விழுக்காடுதான். எப்போதாவது சந்தித்தவர்கள் 55.6 விழுக்காடு. ஆண்டுக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ சந்தித்தவர்கள் 27.8 விழுக்காடு. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. கூடவே இருக்கும் நண்பருக்கு நமக்குத் தெரிந்த செய்திதான் தெரியும். அவர் படித்ததும் நம் வகுப்பில், வேலை பார்ப்பதும் பெரும்பாலும் நம்மைப் போன்ற இடத்தில். சற்றுத் தள்ளி இருப்பவரிடம்தான் நம் காதுக்கு எட்டாத செய்தி இருக்கும். 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, லிங்க்ட்இன்னின் சுமார் 2 கோடிப் பயனாளர்களிடம் ஐந்தாண்டுக் காலம் நடத்தப்பட்ட பரிசோதனைகளை வைத்து இதை இன்னும் நுட்பமாகச் சொன்னது: வேலை மாற்றத்துக்கு மிகவும் உதவுபவர்கள் நெருக்கமானவர்களும் அல்ல, பெயரளவுக்கு மட்டும் இணைந்திருப்பவர்களும் அல்ல, இடைப்பட்டவர்கள்.

எனவே ஐந்நூறு அந்நியர்களைச் சேர்ப்பதில் பயனில்லை. ஏற்கெனவே இரண்டொரு முறை பேசியிருக்கிற, ஆனால் தொடர்பில் இல்லாத ஆட்களைத்தான் முதலில் தேட வேண்டும். இரண்டு பேட்ச் மூத்த சீனியர், இறுதியாண்டு புராஜெக்டுக்கு ஆய்வகத்தில் உதவியவர், இன்டர்ன்ஷிப்பில் பக்கத்து மேசையில் இருந்தவர், கம்பெனிக்குக் கருவி விற்க வந்து அதை ஓட்டிக் காட்டிய அப்ளிகேஷன் இன்ஜினியர், போன ஆண்டு வேறிடம் மாறிப்போன சக ஊழியர். உட்கார்ந்து எழுதினால் யாருக்கும் முப்பது பெயராவது தேறும். ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் பெயர், எங்கே அறிமுகம், கடைசியாகப் பேசிய தேதி, அவருக்கு எதில் ஈடுபாடு, அடுத்து என்ன என்று ஐந்து கட்டங்கள் போதும். வாரத்துக்கு இரண்டு பேருக்கு எழுதினால் பதினைந்து வாரத்தில் பட்டியல் ஒரு சுற்று வந்துவிடும்.

எழுதுவதற்கு முன்னால் கையில் சரக்கு வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பணிக்குறிப்பு ஒன்றை வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலிருந்தே எழுதிவர வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை பதினைந்து நிமிடம் போதும். என்ன சிக்கல், அதில் நான் செய்த பகுதி எது, முன்னால் என்ன அளவு, பின்னால் என்ன அளவு, எப்படி அளந்தோம், யார் உடனிருந்தார்கள், எது சொதப்பியது. ‘பம்ப் பராமரிப்பில் பங்கேற்றேன்’ என்ற வரியை வைத்து யாராலும் எதையும் கேட்க முடியாது. ‘கப்ளிங் அலைன்மென்ட்டைச் சரிசெய்ததில் பம்ப்பின் அதிர்வு வினாடிக்கு 7 மி.மீட்டரிலிருந்து 2.5 மி.மீட்டராக இறங்கியது, பேரிங் அருகே மூன்று திசைகளிலும் அளந்தோம்’ என்று எழுதினால், அதைப் படிக்கும் அனுபவசாலிக்கு உடனே நான்கு கேள்விகள் தோன்றும். அங்கேதான் உரையாடல் பிறக்கிறது. மென்பொருள் வேலையானாலும் அப்படியே. ‘வேகத்தைக் கூட்டினேன்’ என்பதைவிட, எந்தக் கோரிக்கை, எத்தனை மில்லிசெகண்டிலிருந்து எத்தனைக்கு, சராசரியா அல்லது மிக மெதுவான ஐந்து விழுக்காடா என்று குறிக்க வேண்டும். நேர்காணலில் ‘அது உங்களால்தான் நடந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?’ என்று கேட்டால் இப்படிக் குறித்துவைத்த விவரங்கள்தான் காப்பாற்றும்.

இதைப் பின்னால் எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். வேலையை விடும் நாளில் கம்பெனி மின்னஞ்சலும் சர்வரும் மூடப்பட்டுவிடும். எண்கள் எல்லாம் அங்கேயே தங்கிவிடும். அதற்காக வரைபடத்தையோ மென்பொருள் நிரலையோ வாடிக்கையாளர் பட்டியலையோ சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவைப்பது பெரிய தவறு. அது ஒப்பந்த மீறல், வேலையே போகும். குறிப்பில் வாடிக்கையாளர் பெயர் வேண்டாம், ரகசிய அளவுகளும் வேண்டாம். விழுக்காட்டு மாற்றமும், கையாண்ட முறையும், கற்றதும் போதும்.

அடுத்தது செய்தி எழுதுவது. ‘சார், எனக்கு வழிகாட்ட முடியுமா?’ என்ற வரிக்கு ஏன் பதில் வருவதில்லை என்றால், அதற்குப் பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும் என்று பெறுபவருக்குத் தெரியாது. பத்து நிமிடமா, பத்து மாதமா? வேலைப்பளு உள்ளவர் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று வைப்பார்; அந்த அப்புறம் வராது. ‘இந்தத் துறைக்கு எதிர்காலம் இருக்கிறதா?’ என்பதும் அதே ரகம். வெறும் ‘ஹாய்’ அனுப்பிவிட்டுக் காத்திருப்பது, கேட்காமலே ரெஸ்யூமேவை இணைப்பது, எண் கிடைத்ததென்று முன்னறிவிப்பின்றிப் போன் செய்வது இவையெல்லாம் கதவை நாமே சாத்திக்கொள்வதாகும்.

பதில் வரும் செய்தி நூறு சொல்லைத் தாண்டாது. அதில் நான் யார் என்பது ஒரு வரி. உங்களிடம் ஏன் கேட்கிறேன் என்பது ஒரு வரி. அது அவருடைய பேச்சையோ கட்டுரையையோ வேலையையோ உண்மையிலேயே படித்திருந்தால்தான் எழுத வரும். பிறகு ஒரே ஒரு கேள்வி. கடைசியில், முடியாவிட்டால் பரவாயில்லை என்று ஒரு வழி. இப்படி எழுதிப் பார்க்கலாம்: ‘வணக்கம் மேடம். எலெக்ட்ரிக்கல் முடித்து, ஓராண்டாக மோட்டார் டெஸ்டிங்கில் இருக்கிறேன். மோட்டார் கன்ட்ரோல் பற்றி நீங்கள் பேசிய உரையைக் கேட்டேன்; மின்னோட்டத்தை அளப்பதில் வரும் பிழையைப் பற்றிச் சொன்னது என் டெஸ்ட் பெஞ்சில் நான் காண்பதோடு ஒத்துப்போகிறது. ஃபர்ம்வேர் பக்கம் மாற விரும்புகிறேன். மாலையில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது. முதல் மூன்று மாதம் கன்ட்ரோல் தியரியைப் பலப்படுத்துவதா, மைக்ரோகன்ட்ரோலரில் கைப்பழக்கம் பெறுவதா? இரண்டு வரியில் சொன்னாலும் போதும். இப்போது நேரமில்லை என்றால் பொருட்படுத்த வேண்டாம்.’ இதற்குப் பதில் சொல்ல இரண்டு நிமிடம் போதும் என்று பார்த்தவுடனே தெரிகிறது. ஏழு முதல் பத்து நாளில் பதில் வராவிட்டால் ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் வராவிட்டால் விட்டுவிட வேண்டும். அது அவமதிப்பு அல்ல; அவருடைய அந்த வாரம் எப்படிப் போனதென்று நமக்குத் தெரியாது.

பதில் வந்த பிறகு நடப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அன்றோ மறுநாளோ நன்றி சொல்லி, அவர் சொன்னதில் எதைச் செய்யப்போகிறேன் என்று ஒரு வரி எழுத வேண்டும். பிறகு அதைச் செய்ய வேண்டும். ஐந்தாறு வாரம் கழித்து, ‘நீங்கள் சொன்னபடி இந்த போர்டில் செய்து பார்த்தேன்; இது ஓடியது, இந்த இடத்தில் தடுக்கியது, டைமர் குறுக்கீட்டில்தான் பிழை’ என்று விளைவைச் சொல்லித் திரும்ப எழுத வேண்டும். நூறு பேரில் மிகச் சிலர்தான் இதைச் செய்கிறார்கள். அறிவுரை கேட்பவர்கள் ஏராளம். கேட்டதைச் செய்து பார்த்து, பலனைத் தெரிவிப்பவரை எந்த மூத்தவரும் மறப்பதில்லை. வேலை ஏதும் காலியானால் அவர் நினைவில் முதலில் வருவதும் அந்தப் பெயர்தான். நேரில் பேசக் கூச்சப்படுகிறவர்களும், ஆங்கிலத்தில் சரளமாகப் பேசத் தயங்குகிறவர்களும் இதை எழுத்திலேயே நிதானமாகச் செய்ய முடியும் என்பது எனக்கு மிகவும் ஆறுதல் தரும் விஷயம்.

வெளியில் தேடும் முன் உள்ளே பார்க்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்கள் தம் டீமோடு மட்டுமே பழகுகிறார்கள். வடிவமைப்புப் பொறியாளருக்கு மெஷின் ஷாப்பில் இருப்பவரைத் தெரிந்திருக்க வேண்டும். பாக்கெட்டின், அதாவது உலோகத்தில் குடையும் பள்ளத்தின், உள்மூலையைக் கூர்மையாக வரைந்து அனுப்பினால், அதைக் குடையும் எண்ட் மில் என்ற சுழலும் கட்டர் உருளை வடிவம் என்பதால் அந்த மூலை வரவே வராது; சின்ன ஆரம் கொடுத்து ஆழத்தைக் கூட்டினாலோ, மெலிந்து நீண்ட கட்டர் வேண்டியிருக்கும், அது வளைந்து சுவரில் தடம் விடும். ஆரத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் தடித்த கட்டர் போதும். தேவையில்லாத இடத்தில் 0.01 மி.மீ டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் வேறுபாடு) போட்டால் கிரைண்டிங்குக்குப் போக நேரும், பாகத்தின் செலவு ஏறும். இதையெல்லாம் பாடப்புத்தகத்தைவிட அந்த இயந்திரத்தின் முன் இருபது ஆண்டு நின்றவரிடம் ஒரே மணி நேரத்தில் கற்கலாம். ‘என் டிராயிங்கில் உங்களுக்குத் தொல்லை தருவது எது அண்ணா?’ என்று போய்க் கேட்டாலே போதும். கேட்டதை அடுத்த டிராயிங்கில் திருத்திக் கொண்டுபோய்க் காட்டினால் அந்த உறவு நிலைத்துவிடும். மென்பொருளில் இருப்பவருக்கு டெஸ்டிங், சப்போர்ட் ஆட்கள். கட்டுமானத்தில் இருப்பவருக்கு சைட் சூப்பர்வைசர், தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தினர். பின்னாளில் இவர்கள் பல கம்பெனிகளுக்குப் பிரிந்து போவார்கள். அப்போது ஒவ்வொருவரும், நம் வேலையை நேரில் கண்ட, சற்றுத் தள்ளி இருக்கும் அறிமுகம்.

மேனேஜரோடு மாதம் அரை மணி நேரமாவது தனியாகப் பேச நேரம் கேட்டு வாங்க வேண்டும். அதை வேலை நிலவரம் ஒப்பிப்பதில் செலவிடக் கூடாது, அதை முந்தைய நாளே எழுதி அனுப்பிவிடலாம். ‘நான் எப்படிச் செய்கிறேன்?’ என்று கேட்டால் ‘நன்றாகத்தான் செய்கிறீர்கள்’ என்ற பதில்தான் வரும். ‘போன டிசைன் ரிவ்யூவில் நான் ஒன்றை மாற்றியிருக்கலாம் என்றால் அது எது?’ என்று கேட்டால் உண்மையான பதில் வரும். அறிவுரை சொல்பவர் ஒருவகை; நாம் இல்லாத அறையில் ‘இந்த வேலையை அந்தப் பெண்ணிடம் கொடுங்கள், செய்துவிடுவாள்’ என்று நமக்காகப் பேசுபவர் இன்னொரு வகை. பதவி உயர்வு இரண்டாமவரால் வருகிறது. அவரைக் கேட்டுப் பெற முடியாது. நம் வேலை அவர் கண்ணில் படும் இடங்களில் நாம் இருக்க வேண்டும், அவ்வளவுதான் செய்ய முடியும்.

தொழில்முறைச் சங்கங்களைப் பற்றிச் சுருக்கமாக. பிரிட்டனின் சிவில் பொறியாளர் நிறுவனம் 1818இலும், இயந்திரவியல் பொறியாளர் நிறுவனம் 1847இலும் தொடங்கின; அமெரிக்காவின் இயந்திரவியல் பொறியாளர் சங்கமான ஏஎஸ்எம்இ 1880இல். மின்னியல், மின்னணுவியல் பொறியாளர்களின் சங்கமான ஐஇஇஇ இன்றைய வடிவில் 1963இல் உருவானது. அது, முதல் பட்டம் பெற்றுப் பதினைந்து ஆண்டுக்குள் இருப்பவர்களுக்கென்று தனிப்பிரிவே வைத்திருக்கிறது. சந்தா கட்டி உறுப்பினர் எண்ணை ரெஸ்யூமேவில் போடுவதால் ஒரு பயனும் இல்லை. ஒரு கருத்தரங்கில் பேச்சாளர்களை ஒருங்கிணைக்கும் வேலையை ஏற்றுக்கொண்டால், பத்து மூத்த பொறியாளர்களுக்கு எழுத நியாயமான காரணம் தானாகவே கிடைக்கிறது. கருத்தரங்குக்குப் பார்வையாளராகப் போனாலும் நிகழ்ச்சி நிரலைப் பார்த்து மூன்று பேரை மட்டும் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய ஆய்வுச் சுருக்கத்தைப் படித்துவிட்டுப் போக வேண்டும். பெரிய அரங்கைவிட, ஆய்வைச் சுவரொட்டியாக மாட்டி அருகே நின்று விளக்கும் போஸ்டர் அமர்வில் பேசுவது எளிது. அங்கே நிற்பவர் யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்றுதான் நிற்கிறார். யாரிடம் என்ன பேசினோம், எதை அனுப்புவதாகச் சொன்னோம் என்று அன்றிரவே குறித்துக்கொள்ள வேண்டும். மூன்று நாள் போனால் முகங்கள் குழம்பிவிடும்.

ஓப்பன் சோர்ஸில், அதாவது யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மென்பொருளில், பங்களிக்க நினைப்பவர்கள் பெரிய மாற்றத்தை எழுதிக்கொண்டுபோய்த் திடீரென்று முன்வைப்பது வழக்கமாக நடக்கும் தவறு. அந்த மென்பொருளைப் பராமரிப்பவருக்கு அந்த மாற்றத்தைப் படிக்கவே ஒரு நாள் ஆகும். பிறர் பதிந்த ஒரு பிழையைத் தம் கணினியில் மீண்டும் வரவழைத்து, எந்தப் பதிப்பில், எந்தப் படிகளில் வருகிறது என்று எழுதிக் கொடுப்பதே சிறந்த முதல் பங்களிப்பு.

ரெஃபரல், அதாவது தாம் வேலை பார்க்கும் நிறுவனத்துக்கு நம்மைப் பரிந்துரைக்கும்படி ஒருவரைக் கேட்பதில், நுணுக்கம் உண்டு. நம்மைப் பரிந்துரைப்பவர் தம் பெயரைப் பணயம் வைக்கிறார். ஆகவே ‘என்னை ரெஃபர் பண்ணுங்கள்’ என்பதைவிட, ‘என் வேலையைப் பற்றி உங்களால் நம்பிக்கையோடு சொல்ல முடியுமா?’ என்று கேட்பது அவருக்கும் மரியாதை, மறுக்கவும் இடம் தரும். ஒப்புக்கொண்டால், அந்தப் பணியிடத்தின் எண், அதன் இணைப்பு, அந்தத் தேவைகளுக்கு நான் எப்படிப் பொருந்துகிறேன் என்று மூன்று வரி, பெயரிட்ட பிடிஎஃப் ரெஸ்யூமே ஆகிய எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் தர வேண்டும். அவர் எதையும் தேட வேண்டிய நிலை இருக்கக் கூடாது. பல நிறுவனங்களில், நாமே முதலில் விண்ணப்பித்துவிட்டால் அதன் பிறகு ரெஃபரலைச் சேர்க்க முடியாது. எனவே விண்ணப்பிக்கும் முன்பே கேட்க வேண்டும். ஒரே வேலைக்கு மூன்று பேரிடம் கேட்டால் மூவருக்கும் தெரியவரும், மூவரும் வருந்துவார்கள். முடிவு எதுவானாலும் பரிந்துரைத்தவரிடம் சொல்லிவிட வேண்டும். வேலை கிடைக்காதவர்கள் வெட்கத்தால் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அப்படியே அந்த உறவு அறுந்துபோகிறது.

பெற்றோர்களும் கவனிக்க வேண்டிய ஒன்று: வேலை வாங்கித் தருகிறேன், பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப்புக்கு முன்பணம் என்று யார் பணம் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். நேர்மையான ரெஃபரலில் பணத்துக்கு இடமே கிடையாது. அறிமுகம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளைத்தான் இந்த ஏமாற்றுக்காரர்கள் குறிவைக்கிறார்கள். யாரிடமாவது கேட்டுச் சரிபார்க்க அவர்களுக்கு ஆளில்லை என்பது ஏமாற்றுபவருக்கு நன்றாகவே தெரியும்.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். வேலைவாய்ப்புப் பக்கத்தில் வாரம் ஒரு கால் பக்கமாவது ஒதுக்கி, பணியில் மூன்றாண்டுக்கும் குறைவான அனுபவமுள்ளவர்கள் எழுதும் குறிப்பான கேள்விகளை வாங்கி, அந்தந்தத் துறையில் வேலை பார்க்கும் பொறியாளர்களிடம் பதில் பெற்று வெளியிடுங்கள். ‘எதிர்காலம் எப்படி?’ போன்ற பொதுக் கேள்விகளை ஏற்க வேண்டாம். இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள் என்று கேள்வியோடு எழுதியிருப்பதை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். கேட்டவர் இரண்டு மாதம் கழித்து என்ன ஆயிற்று என்று எழுதினால் அதையும் வெளியிடுங்கள். பதில் எழுத முன்வரும் பொறியாளர்கள் கட்டாயம் கிடைப்பார்கள்.

இப்படிக்கு,
பொறியியல் துறையில் பணியாற்றும் வாசகர்